தொட்டிலுக்குள் எவ்வளவு துணி வேண்டும்?

என் தங்கை மகனுக்குப் பெயர் வைத்த அன்று வந்த பரிசுகளில் குழந்தைப் படுக்கை செட் மட்டும் நான்கு. பெட்டியின் நிறம்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றுதான். கரடி பொம்மை அச்சடித்த குட்டி மெத்தை, அதோடு சேர்த்துத் தைத்த கொசுவலை, ஒரு தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைத் தலையணை. தாய்மாமன் என்ற முறையில் தொட்டில் என் கணக்கு. ஊர் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் செய்யக் கொடுத்திருந்தேன். அதற்கு மெத்தை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகுதான், இதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது நான் வாங்கிய பொருட்களைவிடத் தொட்டிலிலிருந்து வெளியே எடுத்து வைத்தவைதான் அதிகம்.

காரணம் இதுதான். குழந்தைப் படுக்கை என்று கடையில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் பெரியவர்களின் கண்ணுக்காகச் செய்தது. மெத்தென்று இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். முதல் வருடத்தில் குழந்தைக்கு அந்த மெத்தென்ற தன்மைதான் ஆகாது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஜேம்ஸ் கெம்ப், பிராட்லி தாச் இருவரும் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னச் சின்னத் தெர்மோகோல் மணிகள் நிரப்பிய குழந்தைத் திண்டு ஒன்று அப்போது அங்கே விற்பனையில் இருந்தது. அதில் கிடத்தப்பட்டு இறந்துபோன 25 குழந்தைகளின் விவரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். குப்புறக் கிடந்த குழந்தையின் முகத்தைச் சுற்றித் திண்டு அப்படியே குழிந்துகொள்கிறது. மூக்கு முழுதாக அடைபடவேண்டிய அவசியமே இல்லை. விட்ட மூச்சு வெளியே போகாமல் அந்தக் குழிக்குள் தேங்குகிறது. குழந்தை அதையே திரும்பத் திரும்ப இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது. மறு வருடமே அந்த வகைத் திண்டுகளுக்கு அங்கே தடை வந்தது.

நமக்கு அப்படி நேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு முட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குக் கழுத்தில் அந்த வலு இருக்காது. 'மூச்சு முட்டுது, எழுந்திரு' என்று மூளை உசுப்பிவிடும் ஏற்பாடும் சரியாக அமைந்திருக்காது. காரணம் பிடிபடாத திடீர் தூக்க மரணங்கள் இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில் மிக அதிகமாக நடப்பதை இதோடு சேர்த்துத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

அதே 1991 டிசம்பரில் இங்கிலாந்தில், குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று ஒரு பெரிய பிரசாரம் தொடங்கியது. 1994-இல் அமெரிக்காவும் தொடங்கியது. அதுவரை அங்கெல்லாம் மருத்துவர்களே குப்புறப் போடச் சொல்லிவந்தார்கள். கக்கினால் புரையேறாது என்பது அவர்கள் கணக்கு. மாற்றிப் படுக்கவைத்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. புது மருந்து, புதுக் கருவி எதுவும் இல்லை, முக்கியமாக மாறியது படுக்கவைக்கும் விதம்தான். நம் வீடுகளில் மல்லாக்கக் கிடத்துவது எப்போதும் உள்ள வழக்கம்தான். அதில் நாம் முந்திக்கொண்டோம். கோட்டைவிடுவது படுக்கையைச் சுற்றி அடுக்கும் சாமான்களில்.

சரி, அந்தப் பரிசு செட்டுக்கு வருவோம். அதில் உருப்படியான பொருள் கொசுவலை ஒன்றுதான். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, குழந்தை பகலிலும் நிறைய நேரம் தூங்கும். ஆகவே வலை வேண்டும். ஆனால் குழந்தையின் கை எட்டும் தூரத்தில் தொய்ந்து தொங்கக்கூடாது. இழுத்துக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடவேண்டும்.

தலையணை ஒரு வயது வரைக்கும் தேவையில்லை. குழந்தையின் தலை உடம்போடு பார்க்கும்போது பெரியது, பின்மண்டையும் புடைத்திருக்கும். அடியில் ஒன்றை வைத்தால் தாடை நெஞ்சில் முட்டும் அளவுக்குக் கழுத்து மடங்குகிறது. சுவாசக் குழாய் மென்மையான ரப்பர் குழாய் மாதிரி, மடங்கினால் அடைபடும். 'தலை உருண்டையா வரணும்' என்று பாட்டிகள் பழைய துணியைச் சும்மாடு போலச் சுருட்டி வைப்பதும், இப்போது பிரபலமாகிவிட்ட கடுகுத் தலையணையும் இதே ரகம்தான். தலை வடிவத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் தலையணைகளை வாங்கவேண்டாம் என்று 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மல்லாக்கவே படுக்கும் குழந்தைக்குப் பின்மண்டை கொஞ்சம் தட்டையாவது உண்மை. இன்று தலைமாட்டில் படுத்தால் நாளை கால்மாட்டுப் பக்கம் தலை வரும்படி மாற்றிக் கிடத்தலாம். விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு உட்கார ஆரம்பித்ததும் அது தானாகவே சரியாகிவருகிறது.

உருளைத் தலையணை எதற்கு என்று கேட்டால், 'குழந்தை உருண்டு விழாம இருக்க' என்பார்கள். புரளத் தெரியாத குழந்தைக்கு அது தேவையே இல்லை. புரளத் தெரிந்த குழந்தை முகத்தை அதில் புதைத்துக்கொள்ளும். தொட்டில் கம்பிகளின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் இதே கதைதான். அமெரிக்காவில் 2022-இல் அந்தத் தடுப்புகளின் விற்பனைக்கே சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டார்கள். இங்கே அதையே 'பிரீமியம் செட்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கம்பியில் தலை இடித்துக்கொள்ளாதா என்றால், இடித்துக்கொள்ளும், அழும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று தலைமாட்டில் சின்னக் கத்தியோ பாக்குவெட்டியோ வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நம்பிக்கையோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. தொட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தாலும் இரும்பு இரும்புதானே என்று சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டாள்.

மெத்தையில்தான் நிஜமான முடிவு எடுக்கவேண்டியிருந்தது. எங்கள் பக்கம் குழந்தைக்கு மெத்தை என்றாலே இலவம் பஞ்சு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். இலவம் நார் உள்ளே கூடாகவும் வெளியே மெழுகு பூசியது போலவும் இருக்கும், தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மிதவைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். அவ்வளவு வழவழப்பாக இருப்பதால் இதை நூலாக நூற்பது கஷ்டம், மெத்தை தலையணையோடு சரி. எடை கிடையாது, சூடும் ஏறாது. பெரியவர்களுக்கு இதைவிட நல்ல படுக்கை இல்லை என்பேன். ஆனால் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாததால் எடை பட்ட இடத்தில் விலகி ஒதுங்குகிறது. ஒரு மாதத்தில் குழந்தை கிடக்கும் இடம் பள்ளமாகவும் சுற்றிலும் மேடாகவும் ஆகிவிடும். அந்த மேடுதான் நான் முன்னே சொன்ன குழிக்குக் கரை. அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"உங்க ரெண்டு பேரையும் இதுலதான் போட்டு வளர்த்தேன். என்ன கொறைஞ்சு போயிட்டீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது குழந்தை பக்கத்தில் எந்நேரமும் ஒரு ஆள் இருந்தது. அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர் கண் எப்போதும் மேலேயே இருக்கும். இப்போது தங்கையின் வீட்டில் அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான்.

ஃபோம் கடையில் வேறு ஒரு குழப்பம். "சார், இது 40 டென்சிட்டி, கல்லு மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்ற கணக்கு, அவ்வளவே. அது கூடினால் மெத்தை நாள்பட உழைக்கும். கெட்டித்தன்மை வேறு விஷயம். 40 டென்சிட்டியிலும் அமுங்கும் ஃபோம் உண்டு, 32-இலேயே விறைப்பாக நிற்பதும் உண்டு. எண்ணைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கையை எடுத்த உடனே பள்ளம் மறைந்து மேல்பரப்பு சமமாகவேண்டும். உள்ளங்கையின் வடிவம் ஒரு நொடி தங்கி நின்றாலும் வேண்டாம். மெமரி ஃபோம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது இப்படி வடிவம் தங்குவதைத்தான்.

நான் கடைசியில் எடுத்தது தென்னை நார் மெத்தை, ரப்பர் பால் தெளித்து அழுத்திய வகை. நாலு அங்குலக் கனம். அமுங்காது, உள்ளே காற்றுப் போகும், விலையும் கட்டுப்படி. குறை என்னவென்றால் மூத்திரம் உள்ளே இறங்கினால் நாற்றம் போகாது, நாளடைவில் நார் உதிரும். ஆகவே மேலே நீர்புகா உறை கட்டாயம்.

அளவு விஷயத்தில் ஆசாரியோடு சின்ன உரசல். மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, குழந்தை அதில் சரிந்து சிக்கிக்கொள்ளும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் போதும், அதைவிட அகன்றால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அபாயம். அவர் அழகுக்காகக் கடைசல் கட்டைகளை 9 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார். "தம்பி, நான் எத்தனை தொட்டில் செஞ்சிருப்பேன் தெரியுமா" என்று ஆரம்பித்தவர், அப்புறம் மனசு வந்து ஒவ்வொரு பக்கமும் நான்கு கட்டைகள் சேர்த்துக் கொடுத்தார். தொட்டிலை வாங்கிவிட்டு அதற்கு மெத்தை தேடாமல், மெத்தையின் அளவைச் சொல்லித் தொட்டிலைச் செய்யச் சொல்வதுதான் சரியான வரிசை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அண்ணன் அக்கா குழந்தைகள் படுத்த மெத்தையை வாங்கிப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஸ்காட்லாந்தில் 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேறு வீட்டிலிருந்து வந்த பழைய மெத்தையில் தூங்கிய குழந்தைகளிடம் திடீர் மரணம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. மெத்தைதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் நடுவில் தொய்ந்த, ஈரம் இறங்கிய மெத்தையை முறைக்காக வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. தொட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள், மெத்தையைப் புதிதாகப் போடுங்கள்.

விரிப்புக்கு வந்தால் நம் பழக்கம்தான் ஜெயிக்கிறது. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியைவிடக் குழந்தைத் தோலுக்கு இதமான துணியை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். சுருக்கம் விழாதிருக்கச் சேர்க்கும் ரெசினில் ஃபார்மால்டிஹைடு என்ற தோலை உறுத்தும் ரசாயனம் இருக்கலாம். வேட்டியில் இதெல்லாம் எப்போதோ போயிருக்கும். புதிதாகத்தான் வாங்குவதென்றால் சென்னிமலை, கரூர்ப் பக்கத்துப் பருத்தித் துணியே போதும். ஒன்றுக்கு இரண்டுமுறை அலசிவிட்டுப் பயன்படுத்தலாம். ஏற்றுமதியில் மிஞ்சி வரும் துணிகளில், கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் முத்திரை இருந்தால், அதில் முதல் வகுப்பா என்று பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான கடுமையான அளவுகோல் அதுதான்.

துணி எதுவானாலும் விரித்த இடத்தில் நிற்கவேண்டும். குழந்தை காலை உதைத்து விரிப்பைச் சுருட்டி முகத்துக்குக் கொண்டுவருவதை நான் ஒரே மாதத்தில் மூன்றுமுறை பார்த்தேன். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பு நல்லது. தெருமுனைத் தையல்காரரிடம் பழைய வேட்டியையே கொடுத்து அப்படித் தைத்து வாங்கினோம், ஆறு விரிப்பு. நீர்புகா உறைக்கு முன்பு மருந்துக் கடையில் கிடைக்கும் அரக்கு நிற ரப்பர் ஷீட், இப்போது 'டிரை ஷீட்'. இரண்டுமே காற்றை விடாது. அவற்றின்மேல் குழந்தையை நேரடியாகப் போட்டால் வெயில் காலத்தில் முதுகு முழுக்க வேர்க்குரு. மெத்தை, அதன்மேல் டிரை ஷீட், அதன்மேல் பருத்தி என்று போகட்டும்.

பழைய துணி என்றதும் ஒரு எச்சரிக்கை. நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமானது இதுதான். குழந்தை பிறந்ததும் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்து வருடமாக மடித்து வைத்த சேலை, கம்பளி, குழந்தைத் துணி எல்லாவற்றையும் எடுப்பார்கள். திறந்ததும் மூக்கில் ஏறும் ஒரு வாசனை இருக்கிறதே, அது அந்துருண்டை. அதிலுள்ள ரசாயனம் நாப்தலீன். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது. அந்தக் குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, அது தோல் வழியே உள்ளே போனாலோ சிவப்பணுக்கள் உடைகின்றன. மஞ்சள் காமாலை ஏறுகிறது. பிறந்த குழந்தைக்கு அது அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். நாப்தலீன் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய் தேய்த்த உடம்பு அதை இன்னும் எளிதாக இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத குழந்தை ஏது? மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே இதைப் பதிவு செய்துவருகிறார்கள். ஆனாலும் பிரசவ வார்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே குழந்தைக்கான துணி டிரங்குப் பெட்டியிலிருந்து வரவேண்டாம். அன்றாடம் புழங்கும் அலமாரியிலிருந்து வரட்டும். அந்தச் சேலைதான் வேண்டும் என்று பாசம் பிடிவாதம் பிடித்தால், நாலைந்து நாள் வெயிலில் உலர்த்தி, துவைத்து, மறுபடி உலர்த்தி, வாசனை துளியும் இல்லை என்று உறுதியானபின் எடுக்கலாம். அடுத்த முறை அடுக்கும்போது காய்ந்த வேப்பிலையோ நொச்சியோ போட்டு வைத்தால் இந்தப் பாடே இல்லை.

துவைப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது, ஆனால் வரிசை உண்டு. பால் கக்கிய கறைக்கும் மலக் கறைக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீரில் போட்டால் அதிலுள்ள புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். மூத்திரத் துணியைக் குவித்து வைக்கக்கூடாது. கிடக்கக் கிடக்கக் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும், அந்தக் காரல் நெடி அதுதான். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கட்டிச் சோப்பு போட்டால் சோப்பு அழுக்கு நூலில் படிந்து துணி அப்பளம் மாதிரி விறைக்கும். அங்கே திரவச் சலவைச் சோப்பைக் குறைவாகப் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்கினால் போதும். வாசனைக்கென்று விற்கும் கண்டிஷனர் வேண்டாம். நூலின்மேல் வழவழப்பாகப் படிந்து துணியின் உறிஞ்சும் குணத்தைக் கெடுத்துவிடும். கிருமிநாசினியை மூடி மூடியாக ஊற்றுவதும் வேண்டாம், சரியாக அலசாவிட்டால் தோலைத்தான் எரிக்கும். டிரை ஷீட்டை இஸ்திரி போட்டால் அடியிலுள்ள மெல்லிய படலம் உருகிவிடும். தங்கை ஒன்றை அப்படித்தான் பாழாக்கினாள்.

உலர்த்துவதற்கு நம் மொட்டைமாடிதான் பெரிய சொத்து. மெத்தையில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் தூசிப் பூச்சிகளுக்கு ஈரமான காற்றும் மிதமான சூடும் வேண்டும். சுள்ளென்ற வெயிலும் வறட்சியும் அவற்றுக்கு ஆகாது. வாரம் ஒருமுறை மெத்தையை வெயிலில் நிமிர்த்தி வைத்துப் பக்கம் மாற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் திண்டாட்டம். பாதி காய்ந்த துணியை விரிப்பதைவிட, இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை முழுக்க விரட்டிவிட்டு விரிக்கலாம். ஆறு விரிப்பு என்று நான் சொன்னது மழைக் காலத்தை மனதில் வைத்துத்தான், வெயில் காலத்துக்கு நாலே தாராளம்.

போர்த்துவது பற்றிச் சுருக்கமாக. அதிகச் சூடும் ஆபத்துதான். சித்திரை மாதத்தில் மதுரையில் இருக்கும் குழந்தைக்கு மேலே எதுவும் வேண்டாம், ஒரு மெல்லிய சட்டை போதும். ஊட்டியிலும் ஏசி அறையிலும் நாம் போடுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போடலாம். கையும் காலும் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றவேண்டும். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாய் வேண்டாம், குழந்தை தன் சூட்டில் கணிசமான பங்கைத் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். 2008-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வில், விசிறி ஓடிய அறைகளில் திடீர் மரண அபாயம் குறைவாகவே இருந்தது.

கடைசியாகத் தூளி. அதைத் தொட்டால் சண்டைதான் வரும், தெரிந்தே தொடுகிறேன். சேலையில் குழந்தை வில் மாதிரி வளைந்து கிடக்கிறது, தாடை நெஞ்சோடு சேர்கிறது. பத்து டிகிரிக்கு மேல் சாய்வாக வைக்கும் குழந்தைப் படுக்கைகளை அமெரிக்காவின் அதே 2022 சட்டம் தடை செய்தது இந்தக் காரணத்துக்காகத்தான். அழும் குழந்தையை ஆட்டித் தூங்கவைக்கத் தூளிக்கு இணை கிடையாது, மறுக்கவில்லை. மேலே துணியை அகலமாக விரித்துப் பிடிக்கும் கட்டை போட்டு, பக்கத்தில் ஆள் இருந்து, கண் அசந்ததும் தூக்கித் தொட்டிலில் மாற்றுவது என்று எங்கள் வீட்டில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். மாற்றும்போது பாதி நாள் விழித்துக்கொள்வான், அப்போது அம்மா என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

அந்த நான்கு செட்டில் கொசுவலை ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரித்துப் போட்டோம். உருளைத் தலையணை இரண்டை அம்மா முழங்காலுக்கு அடியில் வைத்துப் படுக்கிறாள். கால் வலிக்கு நன்றாக இருக்கிறதாம்.